ஏரி முதல் கடல் வரை: நீர்நிலைச் சீரமைப்புப் பணியில் சேர விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையின் தென்புறத்தில் குடியிருக்கும் சிலர் ஒன்றுசேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரி, கால்வாய், சதுப்பு நிலம், கடற்கரை ஆகியவற்றைச் சீரமைக்கும் பணியில் உதவி வருகிறோம். புதிதாகச் சேர விரும்புவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளையும், எங்கள் அனுபவத்திலிருந்து நாங்கள் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு ஊர்களில் இப்பணியைத் தொடங்க நினைப்போருக்கும் இவற்றுட் பல பொருந்தும்.

உங்கள் பணி எந்தெந்த இடங்களில் நடைபெறுகிறது?

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். சதுப்பு நிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேரும். இந்த நீர்வழி முழுவதும் எங்கள் பணியிடமாகும்.

ஓர் ஏரியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் நீர்வழியையே ஏன் எடுத்துக்கொண்டோம் என்று பலரும் கேட்கிறார்கள். மேல் ஏரியின் கலங்கலில், அதாவது உபரிநீர் வெளியேறும் வாயிலில், வழியும் நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, விளக்கு நட்டு அழகுபடுத்திய ஏரிக்கும் வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் மழைநீர் வராது. சாக்கடை நீர் மட்டுமே வரும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்று கணக்கிடுகிறார்கள். அவற்றுட் பெரும்பகுதி இப்படிச் சங்கிலித் தொடராகவே வெட்டப்பட்டவை. நீர் வந்து போகும் வழியைத் திறந்துவிடுவதே சீரமைப்பு என்று நாங்கள் கருதுகிறோம். அதன் பிறகு செடியும் மீனும் பறவையும் பெரும்பாலும் தாமாகவே வந்துசேர்கின்றன.

எனக்கு இதில் எந்த அனுபவமும் இல்லை. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். முதல் இரண்டு வாரம், முன்பே பழகியவர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வீர்கள். நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஒரே ஒரு நாள் வந்து நான்கு மணி நேரம் வேர்வை சிந்துவதைவிட, மாதத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் என்று ஓராண்டு வருவது அந்த இடத்துக்கு அதிக நன்மை தரும். சென்ற மாதம் தெளிவாக இருந்த நீர் இந்த மாதம் ஏன் கறுத்திருக்கிறது என்பது திரும்பத் திரும்ப வருகிறவருக்குத்தான் தெரியும்.

ஒரு காலைப்பொழுதில் என்னென்ன வேலை நடக்கும்?

காலை ஆறு மணிக்குக் கூடுவோம். வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணியளவில் முடித்துக்கொள்வோம். கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டி, கொக்கி கட்டிய நீளக் கயிறு, சாக்குப் பைகள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஆகியவை எங்களிடம் உள்ளன.

உதாரணமாக ஒரு நாள் வேலையைச் சொல்கிறோம். இரண்டு ஏரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும் சிறுபாலம் ஒன்றில் நான்கு குழாய்கள் பதித்திருந்தார்கள். அவற்றுள் மூன்று அடைபட்டிருந்தன. முதல் குழாயின் வாயில் ஒரு பழைய மெத்தை செருகிக்கொண்டிருந்தது. அதன்மேல் தெர்மாகோல் துண்டுகள், பால் பாக்கெட் உறைகள், மருந்துப் புட்டிகள், தேங்காய் நார், எல்லாவற்றையும் பிணைத்தபடி ஆகாயத்தாமரை வேர். ஆறு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தும் மெத்தை அசையவில்லை. அரிவாளால் நான்காகக் கிழித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் ஒரு பெருமூச்சுப் போன்ற ஓசையோடு மறுபக்கம் பாய்ந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் மேல்பக்கத்து நீர்மட்டம் ஒரு சாண் இறங்கியதைக் கரைக்கல்லின் ஈரக்கோட்டில் கண்ணாலேயே பார்த்தோம். அன்று இருந்தவர்களில் பலர் இன்றும் வருகிறார்கள்.

இப்படி உடனே பலன் தெரியும் வேலை குறைவு. குப்பை பிரித்தல், களை இழுத்தல், நட்ட கன்றுக்கு நீர் ஊற்றுதல், கழிவுநீர் கலக்கும் இடங்களைக் குறித்தல் ஆகியவையே பெரும்பாலான வாரங்களில் நடக்கும்.

ஆகாயத்தாமரையை எத்தனை முறை எடுத்தாலும் மீண்டும் வந்துவிடுகிறதே?

வரத்தான் செய்யும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரங்களுக்குள் இரு மடங்காகப் பெருகக்கூடியது. அதற்குச் சத்து எங்கிருந்து கிடைக்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதன் உணவு. ஆகவே செடியை மட்டும் அகற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது. ஈரத்துணியும் தேவைதான், செடி மூடிய நீரில் வெயில் படாமல் உயிர்வளி குறைந்து மீன்கள் மாண்டுபோகும். எனவே களை எடுக்கும் அதே நாளில், கழிவுநீர் எந்தக் குழாய் வழியாக, எந்தத் தெரு முனையில் கலக்கிறது என்பதை நாளிட்ட படத்தோடு பதிவுசெய்து உள்ளாட்சி அமைப்பிடம் மனுவாகக் கொடுக்கிறோம். ஒரே குழாயைப் பற்றி ஏழு முறை மனுக் கொடுத்து எட்டாவது முறை நடவடிக்கை எடுக்கப்பட்டதும் உண்டு.

செடியை எடுக்கும் முறையிலும் கவனம் தேவை. இழுத்த செடியை ஒரு நாள் நீர் விளிம்பிலேயே விட்டுவைக்கிறோம். வேர்களில் ஒட்டியிருக்கும் நத்தைகளும் நீர்ப்பூச்சிகளும் சிறு மீன்குஞ்சுகளும் நீருக்குத் திரும்ப அது வாய்ப்பளிக்கிறது. மறுநாள் அதைக் கரைக்கு வெளியே கொண்டுபோய் உரக்குழியில் இடுகிறோம். கரைமேலேயே குவித்துவைத்தால் அடுத்த மழையில் அது மீண்டும் ஏரிக்குள் போய்விடும். மிதக்கும் இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழியின் கூடு தென்பட்டால், குஞ்சுகள் வளர்ந்து போகும்வரை அந்தப் பகுதியைத் தொடுவதில்லை.

நீங்கள் ஏன் அதிகமாக மரம் நடுவதில்லை?

எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்க காலத்தில் நாங்களும் நட்டோம். ஒரு நிறுவனம் கன்றுகளும் பனியன்களும் கொடுத்து, ஒரே காலையில் ஐந்நூறு கன்றுகள் நட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வறண்டு கிடந்த ஏரியின் உள்வாயில் இடம் இருந்ததால் அங்கேயே வரிசையாக நட்டோம். ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் கன்றுகள் அனைத்தும் மூழ்கி அழுகின. தவறு எங்களுடையது. ஏரியின் உள்வாய் நீருக்கு உரிய இடம் என்பதையும், கோடையில் வெறும் பொட்டலாகத் தெரிவதால் அது வெற்றிடம் ஆகிவிடாது என்பதையும் அன்று உணர்ந்தோம்.

சதுப்பு நிலத்துக்கும் இது பொருந்தும். பள்ளிக்கரணையில் ஆழமற்ற நீரும், கோரைப்புல் மேடுகளும், வெறும் சேறும் கலந்தே இருக்க வேண்டும். உள்ளான், உப்புக்கொத்தி போன்ற பறவைகள் அந்தச் சேற்றில்தான் இரை தேடுகின்றன. நிழல் தருகிறது என்று அங்கே மரம் வளர்த்தால், அவற்றின் இரைக்களத்தை அழித்தவர்கள் ஆவோம்.

மரம் நட வேண்டிய இடங்களும் உண்டு. ஏரிக்கரையில் பனை நடுகிறோம். அதன் சல்லிவேர் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். கரை ஓரத்தில் நொச்சி, புங்கன். நீர் தொட்டுச் செல்லும் விளிம்பில் நீர்மருது, நீர்க்கடம்பு, தாழை. வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த அவ்வூர் மக்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையைத் தடுக்கும் ஆணையை ஆங்கிலேய ஆட்சியரிடமிருந்து பெற்றார்கள். மரம், நீர், பறவை, உழவு ஆகிய நான்கும் அவர்களுக்கு ஒரே கணக்காக இருந்தன. எந்தக் கன்றையும் நடுவதற்கு முன் அந்த இடத்தில் இயல்பாக எது இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிடுகிறோம். நட்டபின் இரண்டு கோடை நீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் நடுவதில்லை.

சீமைக்கருவேலத்தை வெட்டும் பணி உண்டா?

உண்டு, ஆனால் வெட்டுவதால் மட்டும் அது ஒழியாது. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேர்த்தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். சிறு செடியாக இருக்கும்போது, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் கையாலேயே பிடுங்கிவிடலாம். பெரிய மரங்களுக்குப் பொக்லைன் தேவைப்படும். அதைத் துறை அனுமதியோடுதான் செய்ய முடியும். ஆடு மாடுகள் காயைத் தின்று விதையைப் பரப்புவதால், அகற்றிய இடத்தை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பார்த்துவர வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் தொடர்பான கொள்கையை வெளியிட்டது. அதே நேரத்தில், இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் இம்மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன என்பதை மறக்கலாகாது. அங்கே இப்பணியைத் தொடங்குவோர் முதலில் அவர்களிடம் பேச வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எந்த மாதத்தில் எந்த வேலை?

மாசி முதல் ஆனி வரை நீர் வற்றும் காலம். வரத்துக் கால்வாய் தூர் வாருவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் அதுவே ஏற்றது. ஆடி, ஆவணியில் களை எடுப்பும் மதகு, கலங்கல் சுற்றிய துப்புரவும் நடக்கும். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், பனை விதையும் கன்றுகளும் நடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் நீரில் இறங்குவதில்லை; சிறுபாலங்களில் அடைப்பு உண்டா என்று பார்ப்பதோடு சரி. மார்கழி, தை மாதங்கள் வலசைப் பறவைகளின் காலம். அப்போது அமைதியாக இருந்து அவற்றை எண்ணுவதே வேலை. தை முதல் பங்குனி வரை இரவில் கடற்கரைப் பணி உண்டு.

இதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

எந்த நீர்நிலையும் யாருக்கும் சொந்தமில்லாத இடம் அன்று. பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரிநீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், சிறிய ஏரிகளும் குளங்களும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பிலும் உள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றிக் காலடி வைக்கக் கூடாது. குப்பை பொறுக்குவதற்கு உள்ளாட்சியின் ஒப்புதல் போதும். மண்ணைத் தொடும் எந்த வேலைக்கும், அது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், துறையின் அனுமதி கட்டாயம். கரையில் தவறான இடத்தில் ஒரு வெட்டு விழுந்தால், மழைக்காலத்தில் அந்த இடத்திலேயே உடைப்பு எடுக்கும்.

அரசு செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?

அரசின் வேலையை நாம் முழுவதும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆக்கிரமிப்பு அகற்றுவது, பாதாளச் சாக்கடை அமைப்பது, மதகு கட்டுவது ஆகியவை அரசால் மட்டுமே ஆகக்கூடியவை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் இறங்கிய இடத்தில் அரசும் விரைந்து வருவதைக் கண்டிருக்கிறோம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை குடிநீரின்றித் தவித்தபோது, சிட்லபாக்கம் மக்கள் தங்கள் ஏரியில் தாமே இறங்கித் துப்புரவு செய்தார்கள். அதைத் தொடர்ந்து அரசும் அந்த ஏரிக்கு நிதி ஒதுக்கிச் சீரமைப்பை எடுத்து நடத்தியது.

இன்னொன்றும் உண்டு. முன்பு ஏரிக்கு மடை திறக்கவும் நீர் பாய்ச்சவும் கரையைக் காவல் காக்கவும் ஊரே ஆள் வைத்திருந்தது. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கால்வாய் வெட்டும் குடிமராமத்து வழக்கமும் இருந்தது. வயல்கள் வீட்டுமனைகள் ஆனபின் அந்தப் பொறுப்பை ஏற்க ஆளில்லாமல் போயிற்று. வயலுக்கு நீர் வேண்டியதில்லை என்றாலும், 2015இலும் 2023இலும் வெள்ளம் எங்கள் தெருக்களுக்குள் புகுந்தபோது, அந்த ஏரிகளின் கலங்கல்களும் கால்வாய்களும் எங்களுக்கும் வேண்டியவை என்பது தெளிவாயிற்று.

கடற்கரையில் என்ன வேலை செய்கிறீர்கள்?

மார்கழி இறுதி முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. சென்னையில் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவு முழுவதும் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உள்ளது. வனத்துறையின் அனுமதி பெற்ற, பயிற்சி உள்ள குழுவோடுதான் நாங்கள் செல்கிறோம்.

இரவு இரண்டு மணி. மணலில் சிறிய டிராக்டர் ஒன்று கடலிலிருந்து மேலேறித் திரும்பியதைப் போன்ற தடம். அதன் முடிவில் மணல் கலைந்து கிடக்கும். பயிற்சி பெற்றவர் மெல்லிய குச்சியால் மணலைத் துழாவி, அது தளர்ந்து இறங்கும் இடத்தைக் கண்டு, அதன்பின் கையால் மட்டுமே தோண்டுவார். ஒரு முழ ஆழத்தில், குடம்போல் அடியில் அகன்ற குழியில், நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட வெண்ணிற முட்டைகள் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். அவற்றைப் புரட்டிவிடாமல் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும்.

குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையில் விளக்கு எரிந்தால் சாலைப்பக்கம் ஊர்ந்து போய் மடியும். எனவே கைபேசி வெளிச்சமோ படம் எடுப்பதோ அங்கே கண்டிப்பாகக் கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய அவை இழுவலைகளில் சிக்கினால் மூச்சுத் திணறி இறக்கின்றன. முட்டையைக் காப்பது மட்டும் போதாது என்பதை அந்தத் தையில் நாங்கள் மிகுந்த வேதனையோடு கண்டோம்.

பகலில் மணல்மேடுகளைக் காக்கும் வேலை உண்டு. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்துவைப்பவை. துப்புரவு என்ற பெயரில் அவற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை எடுங்கள்; கரை ஒதுங்கிய கடற்பாசியையும் சருகையும் விட்டுவிடுங்கள், அவை நண்டுகளுக்கும் சிறு பூச்சிகளுக்கும் உணவு.

ஏரியில் மீன்குஞ்சு விடலாமா? வீட்டில் வளர்த்த ஆமையை விடலாமா?

வேண்டாம். வெளியூர் மீன் எதையும் விட்டால், அது உள்ளூர்க் கெண்டையையும் கெளுத்தியையும் ஒழித்துவிடக்கூடும். கடையில் வாங்கிய அலங்கார மீனுக்கும் ஆமைக்கும் இது பொருந்தும்.

மீனவர்களும் மாடு வளர்ப்போரும் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லையா?

முதலில் அவர்களிடம் சொல்லாமல் போனபோது எதிர்த்தார்கள், அது நியாயமே. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவருக்கு நாம் களை எடுக்கும் நாள் முன்பே தெரிய வேண்டும். மாடு ஓட்டி வரும் அம்மாவுக்கு, கன்று நட்டு வேலி போட்ட இடத்தைச் சுற்றி வேறு வழி விட வேண்டும். இப்போது வேலையைத் தொடங்கும் முன் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறோம். பழைய மடை எங்கே புதைந்திருக்கிறது என்பதை எங்களுக்குக் காட்டியவர், எந்த வரைபடமும் இல்லாமல், நாற்பது ஆண்டுகளாக அங்கே தூண்டில் போட்டுவரும் ஒரு தாத்தாதான்.

பாதுகாப்பு எப்படி? குழந்தைகளை அழைத்து வரலாமா?

கழிவுநீர் கலந்த நீரில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். உடலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று நீரில் இறங்காமல் கரை வேலை செய்யுங்கள். பூட்ஸும் கையுறையும் கட்டாயம். முடித்தபின் சோப்புப் போட்டுக் கைகால் கழுவுங்கள். இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஏரிநீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். புதரில் கை வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள். மருத்துவ ஊசிகள் கண்ணில் பட்டால் தொடாமல் பொறுப்பாளரை அழையுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் வரலாம். அவர்களுக்குப் பறவை எண்ணுவதும் கன்றுக்கு நீர் ஊற்றுவதும் மட்டுமே.

உடல் உழைப்பு முடியாதவர்கள் எவ்வாறு உதவலாம்?

அவர்களின் பணியே பலநேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. வருவாய்த்துறையின் புல வரைபடத்தையும், நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் படித்து, வரத்துக் கால்வாய் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது என்று கண்டறிய ஆள் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுத வேண்டும். மாதந்தோறும் ஒரே இடத்தில் நின்று நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், நாற்காலியில் அமர்ந்தபடியே, மூன்று தெருக்களுக்கு அடியில் மறைந்துபோன ஒரு கால்வாயை எங்களுக்கு மீட்டுத் தந்தார்.

பணம் கட்ட வேண்டுமா?

இல்லை. கையுறை ஒன்றை நீங்களே கொண்டுவந்தால் போதும்.

பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

குப்பை அள்ளிய இடம் அன்றே மாறும். நட்ட பனை ஆளுயரம் வளர்வதற்குள் உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. எஞ்சியதைக் காப்பதும் அத்தனை நீண்ட வேலையாகவே இருக்கும். சென்ற கார்த்திகையில், மெத்தை எடுத்த அந்தச் சிறுபாலத்தில் நான்கு குழாய்களிலும் நீர் ஓடியது. கீழ்ப்பக்கம், முழங்கால் ஆழ நீரில், நத்தைகுத்தி நாரைகள் பதினொன்று நின்றிருந்தன.